பச்சை ஒயர்

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
அயூபின் கடையில் விலை பேசி முடித்து
கேரவனின் முதுகில் ஓட்டை போடுகிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
டீ ஆறிக்கொண்டிருக்க
டிரில் உள்ளே இறங்கும் சத்தத்தை மட்டும்
பல்லில் வாங்கிக்கொண்டேன்.
இன்னும் முப்பத்தொரு தவணை பாக்கி
அந்த முதுகுக்கு.

பொலேரோவில் கட்டி இழுப்பது நான்.
பின்னால் நின்று சொல்வது முனிரத்தினம்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்,
ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கி மூன்று.
"வா, வா, வா, வா" என்பார்
மாட்டைத் தண்ணிக்குக் கூப்பிடுவது மாதிரி.
"நிறுத்து" மட்டும்
மோதிய பிறகு வரும்.

ஒகேனக்கல்லில் ஒரு புங்கமரம்.
ஏற்காட்டில் யாரோ ஒரு டாக்டரின் காம்பவுண்டு.
தளியில், சும்மா நின்றுகொண்டிருந்த
ஜே.சி.பி.
மஞ்சளாக, ஒரு வீட்டளவு இருந்தது அது.
"பார்த்தேன். சொல்றதுக்குள்ள நீ வந்துட்ட."
அஞ்செட்டி வரைக்கும் பேசாமல் வந்தோம்.
பேசாமல் என்றால்,
அவர் ஒரு முறை
"கொய்யா வாங்கலாமா" என்றார்.

அதற்குத்தான் இந்த கேமரா.
ஏழாயிரத்து இருநூறு, ஒயரிங் தனி.

அயூப் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவர்.
சிவப்பு ரிவர்ஸ் லைட்டுக்கு,
கறுப்பு சேஸிஸுக்கு,
மஞ்சள் படம் கொண்டுபோக.
கொக்கிகிட்ட ஒயரைக் கொஞ்சம் தளர்வா விடணும் மேடம்,
இறுக்கிக் கட்டினா திரும்புறப்ப அறுந்துடும்,
ரொம்ப விட்டா ரோட்டுல தேயும்.
(இதை முனிரத்தினமும் கேட்டுத் தலையாட்டினார்.)
ஓட்டையைச் சுற்றி சிலிக்கான் பூசி
சோப்புத் தண்ணியில் நனைத்த விரலால் வழித்துவிட்டார்.
ஐப்பசி மழைக்கும் ஒரு சொட்டு இறங்காதாம்.

ரிவர்ஸ் கியர் போடச் சொன்னார்.
திரை ஒருமுறை நீலமாகி
பிறகு
பின்னால் இருக்கிறதெல்லாம் வந்தது.
மேல் ஓரத்தில், வளைந்துபோய், சையத் பாஷா மலை.
பஞ்சர் கடையின் தண்ணீர்த் தொட்டி.
தலை பெரிதாக, கால் குட்டையாக
என் புருஷன்.

அவர் இருக்கிற பக்கம் கண்ணாடியில் ஒன்று,
திரையில் வேறொன்று.
"படம் திரும்பி வருது" என்று
அயூப் கேமராவின் வாலைப் பிடித்து
அதில் சின்ன வளையமாக இருந்த
பச்சை ஒயரை நறுக்கினார்.
இடமும் வலமும் மாறிக்கொண்டன.
அவ்வளவுதான். ஒரு நறுக்கு.
இப்படி ஒரு ஒயர் இருப்பதை
யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

கேமராவுக்குக் காது கிடையாது.
படம் வர ஆரம்பித்தது அவருக்குத் தெரியாது.
குரல் இல்லாத அவரை
இப்போதுதான் பார்க்கிறேன்.

குனிகிறார்.
உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து ஓரமாகப் போடுகிறார்.
டயர் வரப்போகும் மண்ணைக் காலால் அழுத்திப் பார்க்கிறார்.
தொட்டியடியில் ஒரு நாய்.
எழுப்புகிறார். அது எழவில்லை.
பக்கத்தில் குந்தி
என்னவோ சொல்கிறார் அதனிடம்.
அது யோசித்து, சோம்பல் முறித்து,
போகிறது.
அப்புறம் நிமிர்ந்து, கையைத் தூக்கி,
வாயைத் திறக்கிறார்.

அதற்குள், மற்ற நாளாக இருந்தால்,
நான் பாதி தூரம் வந்திருப்பேன்.

புங்கமரத்தை மன்னித்தேன்.
காம்பவுண்டையும்.
ஜே.சி.பி. விஷயம் அப்படியே இருக்கட்டும்.

சாயந்தரம் கே.ஆர்.பி. டேம் பக்கம்
புளியமரத்தடியில் நிறுத்த இடம் பார்த்தோம்.
முதல் முறையாக, ரிவர்ஸ் எடுக்கும்போது
அவர் என் பக்கத்தில்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
பச்சைக் கோடு, மஞ்சள் கோடு.
சிவப்பைத் தொட்டதும் திரை கீச்சிட்டது.
நான் பிரேக்கில் காலை வைத்தபடி
"சொல்லுங்க" என்றேன்.
"என்னத்த?"
"சொல்லுங்க."
"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன்.
எதற்கும் பார்த்துவிடுகிறேன் என்று
கதவைத் திறந்து இறங்கினார்.
கியரை எடுக்காமல் காத்திருந்தேன்,
அவர் சுற்றிக்கொண்டு
திரைக்குள் வரும்வரை.